தொழிற்சாலைத் தோட்டாவை வீட்டில் நகலெடுக்கப் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் இலக்குச் சுடுபவர்கள் பலரும் கையால் செய்துபார்க்க விரும்புவது ஃபெடரல் நிறுவனத்தின் கோல்ட் மெடல் 168 கிரெய்ன் தோட்டாவை (கிரெய்ன் என்பது எடை அலகு; 168 என்பது குண்டின் எடை). அதே சியரா மேட்ச்கிங் குண்டும் 210எம் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தனியாகவே விற்பனைக்கு உண்டு. சிக்கலெல்லாம் மருந்தில், அதாவது உள்ளே எரியும் வெடிப்பொடியில்தான்.

தயவுசெய்து தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் கண்ணால் பார்த்து இன்னது என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு மருந்துகள் எரியும் வேகம் வேறு. ஆலைகள் மொத்தமாக வாங்கும் மருந்து லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். அவர்கள் அழுத்தத்தை அளந்து மருந்தின் எடையைத் திருத்திக்கொள்வார்கள். வீட்டில் அதற்குக் கருவி ஏது?

நகலெடுக்க வேண்டியது வேகத்தை. நிறுவனம் சொல்லும் வினாடிக்கு 2650 அடி 24 அங்குலக் குழலுக்கானது. 20 அங்குலத்தில் குறையும். எனவே ஆலைத் தோட்டாவை முதலில் உங்கள் துப்பாக்கியிலேயே க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளங்கள். பிறகு ஐஎம்ஆர் 4064 போன்ற மருந்தில், தோட்டா நிரப்புவதற்கான அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெய்னாக ஏறுங்கள். அந்த வேகம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு முன்பே கையேட்டின் உச்ச அளவு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

கூடுகளை (தோட்டாவின் உலோக உறைகளை) வகை மாற்றிக் கலக்கவே கூடாது. ராணுவக் கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிமன். உள்ளிடம் குறைவதால் அதே மருந்து எடைக்கு அழுத்தம் எகிறும். கூட்டை 2.005 அங்குலத்துக்கு வெட்டி, தோட்டாவின் மொத்த நீளத்தை 2.800 அங்குலத்துக்குள் வையுங்கள். போல்ட் இறுகினாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த தடம் பளபளத்தாலோ மீதமுள்ளவற்றைச் சுடாமல் பிரித்துவிடுங்கள்.