ஒகேனக்கல் பரிசல்: கன அடி தெரிகிறது, தண்ணீரின் தரம் தெரியவில்லை

ஒகேனக்கல்லிலிருந்து திரும்பிய சூட்டோடு எழுதுவதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் காவிரி, தலைக்கு மேல் அருவிச் சாரல் என்று பரிசல் போகிற அந்தப் பாதைக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் இன்னொன்றைச் சொல்ல முடியாது. பார்க்காதவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். எரிச்சல் ஆற்றின்மேல் இல்லை, அதை நடத்துகிற விதத்தின்மேல்.

எந்தத் தமிழ் நாளிதழைப் புரட்டினாலும் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று ஒரு செய்தி இருக்கும். இந்த எண்ணுக்கு ஆதாரம் கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுக்கும் அளவு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்ததும் இதே இடத்தில் அளந்து தருவதற்குத்தான். இரண்டு மாநிலமும் ஒவ்வொரு கன அடிக்கும் மல்லுக்கட்டுகின்றன. ஆனால் அந்தத் தண்ணீரில் மலக்கிருமி எவ்வளவு, குளிக்கலாமா, வாயில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல பரிசல் துறையில் ஒரு பலகையைக்கூடக் காணோம். கட்டணப் பலகை இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. தண்ணீரின் தரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதலில் காசு விஷயம். ஒரு பரிசலுக்கு 1,500 ரூபாய், அதிகபட்சம் நான்கு பேர். இரண்டு பேர் போனாலும் அதே 1,500தான். சிக்கனமாகப் போக நினைப்பவர்கள் டிக்கெட் கவுன்டர் வரிசையிலேயே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு 375 ரூபாயில் முடிந்துவிடும். டிக்கெட் வாங்கும்போதே எந்த வழியாக, எதுவரை என்று கேட்டுவிடுவது முக்கியம். மாமரத்துக்கடவு துறையிலிருந்து பெரியபாணி, ஐந்தருவி, மணல்திட்டு என்று போகும் பாதை நீர்வரத்தைப் பொறுத்து நீளும், குறையும். ஆற்று நடுவில் வைத்து, "சார், அருவிக்கிட்ட போகணும்னா தனியா குடுக்கணும்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? இறங்கி நடக்கவா முடியும்? துடுப்பு அவர் கையில் இருக்கும்போது நடப்பது பேரமே இல்லை. கரையில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். அதே சமயம், பரிசல் ஓட்டுபவர்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. கட்டணம் முழுதும் அவர்கள் கைக்குப் போவதில்லை. வெள்ளம் வந்து தடை போட்டால் நாள்கணக்கில் பிழைப்பு கிடையாது. பாதைக்கு ஒரு கட்டணம் என்று பிரித்துப் பலகையில் எழுதிவிட்டால் இந்தத் தகராறே வராது.

பரிசலில் ஏறுமுன் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். மூங்கில் பத்தைகளை வட்டமாகப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் உறை போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். ஏழெட்டு அடி விட்டம். தார் வெடித்துப் பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால் அடுத்த பாறை உரசலில் கிழியும். உள்ளே கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்று, அதை அறுத்த கேனால் மொண்டு ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறார் என்றால் வேறு பரிசல் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். வட்டமான பரிசலுக்கு முன் பின் கிடையாது என்பதால் ஒரு பக்கம் எடை கூடினால் சட்டென்று சாயும். நால்வரும் சுற்றிச் சமமாக உட்கார வேண்டும். படம் எடுக்க எழுந்து நிற்பதுதான் கவிழ்வதற்குக் குறுக்குவழி. லைஃப் ஜாக்கெட்டின் வார் அறுந்திருந்தாலோ கொக்கி பூட்டாவிட்டாலோ அது வெறும் சட்டைதான். தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றுங்கள்.

இனி தண்ணீர். ஒகேனக்கல்லுக்கு மேலே மேகேதாட்டு, அதற்கும் மேலே சங்கமம். அங்கேதான் அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கிறது. அர்க்காவதியில் வந்து விழுவது விருஷபாவதி. அது பெங்களூரு நகருக்குள்ளேயே பிறந்து, நகரத்துச் சாக்கடையையும் தொழிற்பேட்டைக் கழிவையும் சுமந்து வருகிற ஆறு. சங்கமத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையில் பெரிய ஊர் இல்லை, காடும் பாறை இடுக்குமாக ஆறு ஓடிவருகிறது. வழியில் பாறைகளில் மோதி விழும்போது காற்று கலந்து ஆக்ஸிஜன் ஏறுகிறது. அதனால் தண்ணீர் நாறுவதில்லை, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஏமாறுவது இங்கேதான். ஆக்ஸிஜன் ஏறியதால் கிருமி செத்துவிடாது. வெயில் பட்டும் நாள் கடந்தும் கொஞ்சம் சாகும், புதுத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் நீர்த்துப்போகும், அவ்வளவே.

குளிப்பதற்கான நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவுகோல் இது: 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா, 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது. பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள், கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 8.5 வரை. பரிசலில் போகிறவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அருவிச் சாரலில் முகமும் வாயும் நனையாமல் யாரும் திரும்புவதில்லை. 2018இல் அந்த வாரியம் நாடு முழுவதும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழகக் காவிரியில் அது குறித்தது மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை. ஒகேனக்கல் மேட்டூருக்கு மேலே இருப்பதால் அந்தக் கணக்கில் வரவில்லை. வரவில்லை என்பதற்காக எப்போதும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே இருக்கும் அர்க்காவதியும் அதே பட்டியலில் இருக்கிறது.

"இங்கேருந்துதானே தருமபுரி, கிருஷ்ணகிரிக்கே குடிதண்ணி போகுது" என்று கடைக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமான அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய வரம். ஆனால் அந்தத் தண்ணீர் வடிகட்டி, குளோரின் சேர்த்த பிறகே குழாய்க்கு வருகிறது. ஆற்றில் கையால் அள்ளிக் குடிப்பது வேறு கதை. எச்2எஸ் சோதனைப் பாட்டில் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். தண்ணீரைக் குறியளவு வரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். அது குடிநீருக்கான சோதனை. எந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் பெரும்பாலும் கறுக்கும். குளிக்கலாமா என்பதற்கு எண்ணிக்கை வேண்டும், அதை ஆய்வகம்தான் தர முடியும். ஆகவே அந்தப் பாட்டிலில் காசைக் கரைக்காதீர்கள்.

நுரையைப் பார்த்துப் பயப்படுவதிலும் ஒரு விவரம் இருக்கிறது. அருவி விழும் இடத்தில் வரும் பழுப்பேறிய, மண்வாசனை அடிக்கிற நுரை பெரும்பாலும் இலைதழை மட்கியதால் வருவது. தூய வெள்ளையாக, வாசனைத் திரவிய மணத்தோடு கரையோரம் மிதந்தால் அது சோப்பு நுரை. அதை பெங்களூருவின் தலையில் கட்ட முடியாது, இங்கேயே உண்டாவது. மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அந்த எண்ணெய் போக ஷாம்பு தேய்த்து, பாக்கெட்டைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் சுழித்து நிற்கும் ஓரிடத்தில் குனிந்து பார்த்தால் ஷாம்பு உறைகள், தீக்குச்சி, ஒற்றைச் செருப்பு, யாரோ முழுகிவிட்டு விட்டெறிந்த வேட்டி, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய்ப் படலம். மசாஜ் செய்பவர்களின் பிழைப்பில் கை வைக்க வேண்டியதில்லை. ஆற்றை விட்டுத் தள்ளி, வடிகால் தனியாகப் போகிற ஷவர் வரிசை ஒன்று கட்டி, எண்ணெய் போகக் குளித்த பிறகே அருவிக்குள் விடலாம். பெரிய செலவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மீனை நாமே பார்த்து வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டால், பரிசலில் போய்த் திரும்புவதற்குள் விறகடுப்பில் குழம்பும் வறுவலும் தயார். மசாலா கருகாமல், முள்ளை விட்டுச் சதை கழன்று வருகிற பக்குவத்தில் ஒரு வறுவல், சுடுசோறு, புளி தூக்கலான குழம்பு. இந்தச் சாப்பாட்டுக்காகவே மறுபடி போகலாம். சமையல் கூலி, எண்ணெய், மசாலா, அரிசி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். மீன் எடை சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்து. மீன் கழுவிய தண்ணீரும் செதிலும் எங்கே போகிறது என்று பார்த்தபோதுதான் மனம் கசந்தது.

போகும் காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கோடையில் நீர்வரத்து ஆயிரம் கன அடிக்கும் கீழே போகும்போது, அதாவது நொடிக்கு 28,000 லிட்டர் அளவில், மேலிருந்து வரும் கழிவு அப்படியே இருக்க, அதை நீர்க்கச் செய்யும் தண்ணீர் குறைந்துவிடும். 5,000 கன அடி வரும்போது அதே கழிவு ஐந்தில் ஒரு பங்கு அடர்த்திதான். கோடை மழையும் பருவத்தின் முதல் வெள்ளமும் இன்னும் மோசம். சாக்கடையிலும் கால்வாயிலும் தேங்கியதையெல்லாம் மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும் நாள்களில் மூழ்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று உங்கள் கால்விரல் தெரியாவிட்டால் அன்று குளியல் வேண்டாம். பெருமழை நின்று மூன்று நாளாவது கழியட்டும்.

ஜூலை, ஆகஸ்டில் போவதென்றால் தடைக்குத் தயாராக இருங்கள். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்போது பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. தடை போடுவது மாவட்ட நிர்வாகம், இத்தனை கன அடிக்கு மேல் என்று அறிவிப்புப் பலகை எதுவும் கிடையாது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தால் அடுத்த ஓரிரு நாளில் என்ன வரும் என்று ஊகித்துவிடலாம். ஆடிப்பெருக்கன்று சாமி கும்பிடப் போங்கள், பரிசலுக்காகப் போகாதீர்கள். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை, மழை இல்லாத வாரநாள்தான் என் தேர்வு.

சொந்தக் கயாக்கைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: துறைகள் உரிமம் பெற்ற பரிசல்களுக்கானவை, உங்களுக்கென்று இறங்குதுறை எதுவும் ஒதுக்கப்படவில்லை. கரையோரக் காட்டின் பெரும்பகுதி 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். கூடாரம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆற்றில் முதலை உண்டு என்பதால் ஆளில்லாத மடுக்களில் இறங்குவதும் கூடாது. ஆனால் துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்கு, நீர்வரத்து குறைவான மாதங்களில், வழிகாட்டியோடு ஒரு பகுதியைத் திறந்துவிடுவதில் என்ன தடை என்று புரியவில்லை. பரிசல் ஓட்டும் இளைஞர்களைவிட அந்தச் சுழிகளை அறிந்தவர் யார்? அவர்களுக்கே அது இன்னொரு வருமானமாகும்.

கடைசியாக உடம்பு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், பாறையில் வழுக்காத, பின்பட்டை உள்ள செருப்பு போடுங்கள். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் மீனில் கை வைக்க வேண்டும். வந்த அன்று எதுவும் தெரியாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் காட்டும்: கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை விழுங்கிக்கொண்டு கிடக்காமல் மருத்துவரிடம் போய், இன்ன தேதியில் ஆற்றில் குளித்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடக்கூடும். அதைச் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனையை எழுதுவார்.