கட்டைக்குத்து மச்சு ஒழுகினால் முதலில் சுவரைப் பாருங்கள்

மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் பொதுச்சுவரோடு ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. இந்தப் பகுதியே விக்டோரியா ராணி காலத்து மதுரைதான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான வீதிகள் இவை. முகப்பில் சீமைத்தூண் மாதிரி தெரிவதெல்லாம் கல் கிடையாது, செங்கல்லைக் கொஞ்சம் முன்தள்ளிச் சுண்ணாம்புக்காரை பூசியது. திருமலை நாயக்கர் மஹாலின் பகட்டும் செங்கல்லும் காரையும் சேர்ந்து செய்த வேலைதானே!

இந்த வீடுகளை இடிக்க வைப்பது பெரும்பாலும் மச்சு, அதாவது மரக்கட்டை மேல் செங்கல் கட்டிய தட்டையான கூரை, ஒழுகுவதுதான். மச்சு கெட்டதென்று எல்லோரும் சொல்வார்கள். முக்கால்வாசி கேஸில் கெட்டது மச்சு இல்லை, மச்சும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை.

கட்டைக்குத்து எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் இது புரியும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள், இடைவெளி ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி. அதன்மேல் 6க்கு 3க்கு 1 அங்குல மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல், குத்தாக நிறுத்திக் கோணவாக்கில் சுண்ணாம்பில் கட்டுவார்கள். அது இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலம் கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். தட்டும் கட்டை அமுங்காமல் எகிறித் திரும்பினால்தான் தட்டியது போதும். மேலே இரண்டு வரிசை தட்டோடு (தட்டையான ஓடு), மூட்டு மேல் மூட்டு வராமல்.

கட்டையின் நுனி சுவருக்குள் இருக்கிறதல்லவா? மூலையில் இறங்கும் தண்ணீர் நேராகப் போய்ச் சேர்வது அங்கேதான். கட்டையின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், நுனி மட்டும் புட்டு மாதிரி உதிரும். சுவரை ஒட்டி அரை அடிக்குள் திருப்புளியால் ஒவ்வொரு கட்டையையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குமேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்கு உடனே முட்டுக்கொடுங்கள், மற்ற வேலை அப்புறம்.

கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள். தண்ணீர் கட்டையோடு ஊர்ந்து வந்து வேறெங்கோ சொட்டும். நுனிகள் திடமாக இருந்தால் மட்டும், மேலே மண்ணால் வரப்புக் கட்டி, பள்ளமான பக்கத்திலிருந்து பகுதி பகுதியாகத் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு சதுரத்துக்கு (100 சதுர அடி) ஒரு அங்குலத் தண்ணீரே ஏறக்குறைய 235 கிலோ. மெலிந்த கட்டை இதைத் தாங்காது.

அடுத்த தப்பு சிமெண்ட். ஒழுகுகிறதென்று மேலே 4 அங்குலம் கான்கிரீட் போடச் சொல்வார்கள். அது ஒரு சதுரத்துக்கு இரண்டேகால் டன் கூடுதல் பாரம். வெறும் சிமெண்ட் பூச்சும் நல்லதில்லை. சித்திரை வெயிலில் சிமெண்ட் விரியும் அளவு வேறு, கீழே உள்ள காரை விரியும் அளவு வேறு. அதனால் முடி மாதிரி வெடிப்பு விடும். உள்ளே போன தண்ணீர் ஆவியாக வெளியேற வழியில்லாமல் ஓதம் கட்டையிலேயே தங்கும்.

மூலையைச் சரிசெய்ய, கைப்பிடிச்சுவரில் 3 அங்குல ஆழத்துக்குக் காடி (நீளவாக்கில் பள்ளம்) வெட்டி, தூசியைக் கழுவி, சுண்ணாம்புக்காரையை உள்ளே திணித்து, மூலையை உருட்டிவிட வேண்டும். தட்டோட்டின் ஓரம் காடிக்குள் நுழைய வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாரமாவது ஊறப்போட்டுச் சலியுங்கள். நீறாத குறுணை ஒன்று தங்கினாலும் பின்னால் ஊறி, பொரி மாதிரி காரையைத் தெறிக்க வைக்கும். பத்து நாளாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் காரை இறுக வேண்டும், அதனால் ஆவணிக்குள் முடிப்பது நல்லது. தண்ணீர் ஓட மச்சின் வாட்டம் (சரிவு) பத்தடிக்கு 2 முதல் 3 அங்குலம். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயில் அரச மரக்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், வேர் காரைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று தோண்டிப் பாருங்கள்.

முகப்பில் வெளியே நீட்டி நிற்கும் கொடுங்கையின் அடியில் தண்ணீர் சொட்டிவிடச் சின்னக் காடி ஒன்று இருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பெயிண்ட் அடித்து அதை அடைத்துவிடுகிறார்கள். அதைச் சுரண்டித் திறந்தாலே முகப்பின் பாசி பாதி போகும்.

இன்னொன்று, இப்போது அதிகம் நடப்பது. பக்கத்து வீட்டை இடித்து மாடி எழுப்புகிறார்கள். இரண்டு சுவருக்கும் நடுவே 2 அங்குலச் சந்து விழும், மழை முழுக்க அதில் இறங்கும். அதற்குள் சிமெண்ட் ஊற்றாதீர்கள். இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசையும், ஒரே வருஷத்தில் பிளந்துவிடும். உயரமான அவர்கள் சுவரில் ஒரு அங்குலக் காடி வெட்டி அலுமினியத் தகட்டைச் செருகி, நம் கைப்பிடிச்சுவர் மேல் 4 அங்குலம் மடங்கித் தொங்கவிட வேண்டும். நம் பக்கம் ஆணி அடிக்கக் கூடாது. அவர்கள் சுவர் பூச்சு முடிவதற்குள் பேசி இதைச் செய்துவிடுங்கள், பூசியபின் காடி வெட்ட யாரும் ஒத்துக்கொள்வதில்லை.