காரட் விதைச்சதுக்கு ஏன் வீட்டை கொளுத்தினாங்க?

1649 ஏப்ரல் 1, ஞாயித்துக்கிழமை. இங்கிலாந்துல சர்ரே பக்கம் செயின்ட் ஜார்ஜ் ஹில்னு ஒரு பொதுக் குன்று, ஒண்ணும் பெரிய வளமான மண்ணு கிடையாது, அங்க ஒரு சின்ன கூட்டம் மண்வெட்டியோட போய் கொத்த ஆரம்பிச்சாங்க. காரட், பார்ஸ்னிப், பீன்ஸ் விதைச்சாங்க. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஹென்றி சாண்டர்ஸ்னு ஒரு உள்ளூர்க்காரர் அரசாங்கத்துக்கு புகார் எழுதிட்டார், என்னென்ன காய் விதைச்சாங்கங்கறது வரைக்கும் அதுல இருக்கு, பத்தே நாள்ல நாலாயிரம் அஞ்சாயிரம் பேர் சேந்துடுவோம்னு வேற சொல்றாங்களாம்.

இவங்கதான் டிக்கர்ஸ், அதாவது மண்ணைக் கொத்துறவங்க. முன்னாடி நின்னவர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி, லண்டன்ல துணி வியாபாரம் பண்ணி, ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் நேரத்துல திவாலாகி, சர்ரேல காபம் (Cobham)ங்கற ஊருக்கு வந்து மாடு மேய்ச்சு பிழைச்சவர். அவர் வாதம் எனக்கு இன்னைக்கும் சிலிர்க்குது. 1066ல நார்மண்டில இருந்து வில்லியம் வந்து வாளால நிலத்தை பிடிச்சு தன் ஆளுங்களுக்கு பிரிச்சு குடுத்தான், பண்ணையாருங்க உரிமை எல்லாம் அங்க இருந்துதான் வருது. இப்போ 1649 ஜனவரில நாமளே சேந்து ராஜா சார்லஸ் தலையை எடுத்தாச்சு. ராஜாவே போனப்புறம் ராஜா குடுத்த உரிமை மட்டும் எப்படி நிக்கும்? போருக்கு வரி கட்டினது நாங்க, செத்தது நாங்க, அப்போ பொது நிலமாவது எங்களுக்கு வரணும்ல?

பார்லிமென்ட் படைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் முன்னாடி வின்ஸ்டன்லியும் அவர் கூட்டாளி எவரார்டும் போய் நின்னப்போ தொப்பியை கழட்ட மாட்டேன்னுட்டாங்க, அவரும் நம்மள மாதிரி ஒரு மனுஷன்தானேன்னு. ஃபேர்ஃபாக்ஸ் இவங்களால பெரிய ஆபத்து இல்லன்னு விட்டுட்டார். உள்ளூர் பெரிய மனுஷங்கதான் விடல. பொம்பளை டிரஸ் போட்டுட்டு வந்த ஆம்பளைங்க கட்டையால அடிச்சாங்க. கிங்ஸ்டன் கோர்ட்டுல, வக்கீல் வைக்காம பேசவே கூடாதுன்னு வாயை அடைச்சு அபராதம் போட்டு, அதுக்காக வின்ஸ்டன்லி மேய்ச்சுட்டு இருந்த மாடுகளை ஓட்டிட்டு போயிட்டாங்க, அதுவும் அவர் மாடு கூட இல்ல, அடுத்தவங்களுது. சரின்னு பக்கத்துல லிட்டில் ஹீத்துக்கு மாறி மறுபடியும் விதைச்சாங்க. 1650 ஏப்ரல்ல ஜான் பிளாட்னு ஒரு பாதிரியார், அவரே அங்க நிலப்பிரபுவும் கூட, ஆள் கூட்டிட்டு வந்து குடிசைங்களை கொளுத்தி எல்லாரையும் விரட்டிட்டார்.

இதுல என்னை விடாம குடையுற விஷயம், இவங்க யார் வேலியையும் பிடுங்கல. நூறு வருஷம் முன்னாடி 1549ல நார்ஃபோக்ல ராபர்ட் கெட் தலைமைல, பொது நிலத்தை அடைச்சு பணக்காரங்க போட்ட வேலியை பிடுங்கினாங்க, நார்விச் நகரத்தையே பிடிச்சாங்க, கடைசில கெட்டை தூக்குல போட்டாங்க, அந்த ஆத்திரமாவது புரியுது. இங்க யாருமே உழாம கிடந்த மேட்டுல காய்கறி போட்டவங்க மேல எதுக்கு இவ்வளவு வெறி?

பதில் வின்ஸ்டன்லி எழுத்துலயே இருக்கு. ஏழைங்க இனிமே பண்ணையாருக்கு கூலிக்கு போகாதீங்கன்னு அவர் வெளிப்படையா சொன்னார், உங்க உழைப்புதான் அவனை பணக்காரன் ஆக்குதுன்னு. பொது நிலத்துல ஒருத்தனுக்கு ஒரு பசு மேய இடம், அடுப்புக்கு விறகு, கொஞ்சம் காய்கறி கிடைச்சா கிடைச்ச கூலிக்கு அடுத்தவன் வயல்ல குனிய மாட்டான். வேலி போட்டது நிலத்துக்காக மட்டும் இல்ல, ஆளுக்காகவும்தான்.

இது என் கற்பனை இல்ல. 18ஆம் நூற்றாண்டுல பார்லிமென்ட் ஒவ்வொரு ஊருக்கா சட்டம் போட்டு பொது நிலத்தை அடைச்சப்போ (மொத்தமா பார்த்தா 5,000க்கு மேல சட்டம், 60 லட்சம் ஏக்கருக்கு மேல), அதை ஆதரிச்சவங்களே, பொது நிலம் இருந்தா கூலிக்காரன் சோம்பேறி ஆயிடுறான், அடைச்சாதான் வருஷம் பூரா வேலைக்கு வருவான்னு அச்சுல எழுதி வச்சிருக்காங்க. 1775ல நியூகாசில்ல தாமஸ் ஸ்பென்ஸ், நிலம் அந்தந்த ஊர் மக்களுக்கே பொதுவா இருக்கணும், வாடகையை ஊரே வாங்கி ஊருக்கே செலவு பண்ணனும்னு ஒரு தத்துவ சங்கத்துல பேசினார், பேசினதை அச்சடிச்சு வித்தார்னு சங்கத்தை விட்டே தூக்கிட்டாங்க. அப்புறம் ஜெயிலுக்கும் போனார், வெளிய வந்தும் அதையேதான் பேசினார்.