கேட் நோட்டும் 3.80 கோடியும்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ட்ரான்ஸ்ஃபர் பிரைசிங் சட்டம் மொத்தமும் இந்த ஒரு வரிதான் என்று எங்கள் அக்கவுன்ட்ஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வேன். தாய் நிறுவனம் ஜெர்மனியில், நாங்கள் ஒரகடத்தில். அவர்களிடம் பாகம் வாங்குகிறோம், ராயல்டி கட்டுகிறோம். சொந்தபந்தம் இல்லாத இரண்டு பேர் பேரம் பேசினால் எந்த விலை படியுமோ அந்த விலைதான் எங்களுக்குள்ளும் இருக்க வேண்டும். 2001-இல் வந்த விதிகள்.

வருடா வருடம் இந்தப் பரிவர்த்தனைகளைப் பட்டியலிடும் 3சிஇபி என்ற வருமான வரிப் படிவத்தில் ஆடிட்டர் கையெழுத்து, நம் லாப விகிதத்தை இதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டு ஒரு தடித்த அறிக்கை. இரண்டையும் அலமாரியில் வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். மாட்டியது மேனேஜ்மென்ட் ஃபீயில்.

தொழில்நுட்ப உதவி, ஐடி, மனிதவளம் என்று தலைமையகம் அந்த வருடம் அனுப்பிய இன்வாய்ஸ் 3.80 கோடி ரூபாய்க்கு. செலவுக்கு மேல் 5 சதவீதம் லாபம் வைத்திருந்தார்கள். அந்த 5 சதவீதம் நியாயம்தான் என்று காட்ட 40 பக்கம் தயார் செய்துகொண்டு போனேன். வருமான வரி அதிகாரி புரட்டக்கூட இல்லை.

"சேவை வந்துச்சா? அதைக் காட்டுங்க மேடம்."

ஒப்பந்தம், இன்வாய்ஸ், வங்கித் தாள் மூன்றையும் நீட்டினேன். இதெல்லாம் பணம் போனதற்குச் சான்று, சேவை வந்ததற்கு இல்லை என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. வரைவு உத்தரவில் சேவையின் நியாய விலை பூஜ்யம். அதைச் செலவாக ஏற்காததால் 3.80 கோடியும் வரி போடும் எங்கள் வருமானத்தில் ஏறிவிட்டது.

வருமான வரித் துறையின் தகராறு தீர்வுக் குழுவிடம் அந்த வரைவுக்கு ஆட்சேபம் போட 30 நாள். தலைமையகத்தைக் கேட்டால் மொத்தச் செலவை விற்பனை விகிதப்படி பிரித்த ஒரே எக்செல் ஷீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். யார் வந்தார், என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. விவரம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள்.

வழி காட்டியவர் செக்யூரிட்டி அண்ணன். "வெள்ளைக்காரங்க வந்து போனதெல்லாம் கேட் நோட்டுல இருக்குமே மேடம்."

நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், லேப்டாப் சீரியல் நம்பர். ஜெர்மன் பெயர்களை அண்ணன் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் பிரஸ் ஷாப்பின் பிரேக்டவுன் ரெஜிஸ்டரையும் (மெஷின் பழுதான கணக்கு) ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டையும் (தரம் தேறாமல் ஒதுக்கிய பாகங்களின் கணக்கு) வைத்துப் பார்த்தோம். ஒருவர் வந்திருக்கிறார், 11 நாள் இருந்து டை (பாகத்துக்கு வடிவம் தரும் அச்சு) செட்டிங்கை மாற்றியிருக்கிறார், அடுத்த மாதம் ரிஜெக்‌ஷன் இறங்கியிருக்கிறது. இப்படியே தோண்டித் தோண்டி தொழில்நுட்ப உதவிக்கான 2.60 கோடிக்கும் சான்று சேர்த்தோம். குழு ஏற்றுக்கொண்டது. ஐடி, மனிதவளம் 1.20 கோடி இன்னும் வருமான வரி மேல்முறையீட்டு ட்ரிபியூனலில்.

இப்போது மாதக் கடைசியில் ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு மெயில்: ஜெர்மனியிலிருந்து யார், எதற்கு உதவினார், ஆதாரம் எங்கே. திட்டிக்கொண்டே அனுப்புகிறார்கள். 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஆவணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 10 நாள்தான், கேட்டுக்கொண்டால் இன்னும் 30 நாள் வரை. கொடுக்காவிட்டால் பரிவர்த்தனை மதிப்பில் 2 சதவீதம் அபராதம். அப்போது போய் நோட்டைத் தேட முடியாது.

இன்னொரு தலைவலி மார்ச் மாதம். லாப விகிதம் குறைகிறதே என்று தலைமையகம் கடைசி நிமிடத்தில் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு, வருடம் முழுக்க வாங்கிய பாகங்களின் விலையைக் குறைக்கும். இங்கே லாபம் கூடும், வருமான வரிக்காரர்களுக்குச் சந்தோஷம். சுங்கத்தில் விடுவார்களா? உறவு நிறுவனம் என்பதால் விலையைக் குறைத்துக் காட்டுகிறீர்களா என்பதுதானே அவர்களுடைய முதல் கேள்வி. ஒரே பாகம், ஒரு மேஜையில் விலை அதிகம், அடுத்த மேஜையில் மலிவு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தைப் பார்த்து, இனி வரப்போகும் சரக்கின் விலையை மட்டும் மாற்றுகிறோம்.

போன மாதம் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தவர்கள் பழைய கேட் நோட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். ஆவணங்களை 8 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று கத்தி, அத்தனையையும் என் கேபினுக்குத் தூக்கி வரச் சொன்னேன். அண்ணனிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன்: பெயரை விசிட்டிங் கார்டைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். சரி மேடம் என்றார். நேற்று பார்த்தேன், தமிழில்தான் இருக்கிறது.