கல்லடியில் ஓர் ஓவர்டிரைவ் பெட்டி

2025 ஜூலை 5, சனி

கச்சான் காற்று மத்தியானம் முழுக்க மண்ணை வாரி இறைத்தது. யன்னலைப் பூட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

கிற்றார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை நானே செய்யப்போகிறேன். எனக்கு வேண்டிய சத்தம் ஒன்றுதான். கல்யாண வீடுகளில் வயலினுக்குப் பக்கத்தில் நின்று கோர்ட் அடிப்பவன் நான். மெல்ல அடித்தால் கிற்றார் தெளிவாக இருக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கொஞ்சம் கரகரக்க வேண்டும். அப்போதும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரவல் வாங்கி அடித்துப் பார்த்த பெடல்களில் பைலா கோர்ட் எல்லாம் கூழாகிவிட்டது.

அடிப்படைக்கு இபனெஸ் கொம்பனியின் ரியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் சுற்றையே எடுக்கிறேன். சிக்னலைப் பெருக்கும் 4558 ஐசி, அதன் வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக இரண்டு டயோட் (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடுபவை). சிக்னல் சிறிதாக இருக்கும்வரை டயோட் சும்மா இருக்கும். 0.6 வோல்ற் அளவைத் தாண்டியதும் கடத்தத் தொடங்கி, பெருக்கத்தைக் குறைத்து, அலையின் உச்சியை மழுக்கும். ஆனாலும் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே போகாது. உள்ளே வந்த சிக்னல் அப்படியே கூடவே வெளியே வரும். விரலின் அழுத்தம் தொலையாமல் இருப்பது அதனால்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ரவுணில் ரேடியோ திருத்தும் மாமாவிடம் போனேன். உடைந்த கரோக்கி அம்ப்ளிஃபையர் ஒன்றின் போர்டைத் தந்து, "இதுக்குள்ள 4558 கிடக்கு, கழற்றி எடு மருமகன்" என்றார். எட்டுக் காலிலும் ஈயத்தை உறிஞ்சி, ஐசியைச் சூடேற்றிவிடாமல் எடுக்க அரை மணித்தியாலம் போனது.

மூலச் சுற்றில் 51கே (51 ஆயிரம் ஓம்) ரெசிஸ்ரரும் 4.7கேயும் சேர்ந்து, ட்ரைவை, அதாவது கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, முழுதாகக் குறைத்தாலும் 12 மடங்கு பெருக்கும். எனக்கு அது கூட. மெல்ல அடித்தாலே கரகரக்கும். 51கேக்குப் பதில் 22கே போட்டேன். இப்போது ஆகக் குறைந்தது 6 மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

ஜூலை 10, வியாழன், போயா

லீவு நாள். சேர்க்கிட்டை முடித்து 9 வோல்ற் பற்றரியைக் கொழுவினேன். ஐசியின் வெளியீட்டில் 4.5 வோல்ற் சரியாக நின்றது. ஆனால் ட்ரைவைக் கூட்டினால் ஒரே சீறல். இரண்டு மணித்தியாலம் ஜொயின்ற் எல்லாவற்றையும் திரும்பச் சூடாக்கிப் பார்த்தேன். கடைசியில் மாமாவிடமே கொண்டுபோனேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துவிட்டு, "ரெண்டு டயோட்டுட கறுப்புக் கோடும் ஒரே பக்கம் பார்க்குதே" என்றார். அலையின் ஒரு பாதி மழுங்க, மறு பாதி பற்றரியின் எல்லைவரை போய் மோதியிருக்கிறது.

ஒன்றைத் திருப்பினேன். சத்தம் மென்மையானது, ஆனால் கொஞ்சம் தட்டை. அப்புறம் ஒரு பக்கத்தில் தொடராக இரண்டு டயோட், மறுபக்கம் ஒன்று என்று வைத்தேன். 1977இல் வந்த பொஸ் ஓடி-1 செய்தது இதைத்தான். இரண்டு பாதியும் வேறு வேறு உயரத்தில் மழுங்குவதால் இரட்டை ஹார்மோனிக்குகளும் (மூலச் சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்கள்) சேருகின்றன. கோர்ட் நிறைவாகக் கேட்டது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுக்க ஒரேயொரு கப்பாசிற்றரோடு போனது. 4.7கேயோடு தொடராக நிற்கும் அந்த 0.047 மைக்ரோஃபராட்தான் இந்தப் பெடலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைக்கும். தடித்த ஈ கம்பி 82 ஹேர்ட்ஸ். அது டயோட்டை முட்டாமல் இருப்பதால்தான் மற்றக் கம்பிகள் பிழைக்கின்றன. ஆனால் கிற்றாரைத் தனியாக வாசிக்கும்போது சத்தம் மெலிவு. 0.1 போட்டேன், எல்லை 340க்கு இறங்கியது. வீட்டில் அருமையாக இருந்தது. ஆனால் பறங்கியரின் ஆட்ட இசையான கபறிஞ்ஞா தாளத்தில் வேகமாக அடித்ததும் பழைய கூழ். 0.068 கையில் இல்லை. 0.047க்குப் பக்கவாட்டில் 0.022ஐ இணைத்தேன். 490 ஹேர்ட்ஸ். பாகம் மாற்றிய கை நின்றுவிட்டது. அதே கோர்ட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். அம்மா உள்ளேயிருந்து, "சாப்பிட வாறியா இல்லையா" என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டா.

ஜூலை 19, சனி

பெட்டிக்கு ஓர் அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டி. துளை போட்டு, ஜக்குகளைப் பூட்டினேன். உள்ளீட்டுக்கு ஸ்ரீரியோ ஜக். வயரைச் செருகினால்தான் பற்றரி ஓடும். மூடியை மூடியும் உறுமல் போகவில்லை. மூடியின் விளிம்பில் பூச்சு இருந்தது, அதனால் பெட்டியோடு மின்தொடர்பு இல்லை. சாண்ட் பேப்பரால் பளபளக்கத் தேய்த்து மூடினேன். அடங்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஒத்திகை. வயலின் வாசிக்கும் அண்ணன் மட்டக்களப்புப் பறங்கியர். கபறிஞ்ஞா அவருக்குச் சின்ன வயதிலேயே காதில் ஏறியது. எதுவும் சொல்லாமல் பெடலை மிதித்தேன். இரண்டாவது சுற்றில் வில்லை நிறுத்தினார். "இப்பதான்டா உன்ட நடுக்கம்பி எனக்குக் கேட்குது" என்றார். பிறகு முதலிலிருந்து தொடங்கினோம், முன்பைவிட வேகமாக.

இரவு மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்: 22கே, 2+1, 0.047+0.022.