குல்பி ஐஸ்காரர் சொன்ன உப்பும் என் எஃப்பிஜி நொதியும்

தொண்டிப் பக்கம் தண்ணி வத்தும் நேரத்தில் சேற்றில் மட்டி பொறுக்கித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். ஒரு சித்திரை வெயிலில் கூடையோடு திரும்பி வந்தவர் கேட்டார்: "ஏத்தா, நம்ம காலே வெந்துபோகுதே, ஓட்டை மூடிக்கிட்டுக் கெடக்குற மட்டிக்கு எப்பிடி இருக்கும்?" ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த எனக்கு வேறு தலைப்பு தேவைப்படவில்லை.

தண்ணீர் விலகியதும் மட்டி ஓட்டை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனில் காலம் தள்ளுகிறது. கடல் திரும்ப ஏறி ஓடு திறந்ததும் ஆக்சிஜன் ஒரேயடியாக உள்ளே பாய்கிறது. அப்போது பிறக்கும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ரேடிக்கல்கள், கண்டதோடெல்லாம் வினைபுரியும் துகள்கள்) டிஎன்ஏவையும் விடுவதில்லை. டிஎன்ஏவின் எழுத்துகள் போன்ற நான்கு காரங்களில் (அடினின், குவானின், சைட்டோசின், தைமின்) குவானின்தான் மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். அடைந்தால் 8-ஆக்சோகுவானின் ஆகிவிடும். அது சைட்டோசினோடு சேர வேண்டிய இடத்தில் அடினினோடு சேர்ந்து நகலெடுப்பில் பிழையை நுழைத்துவிடும். இந்தக் காயம் வெயில் நாளில் கூடுகிறதா என்பதே என் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க நான் நம்பியது எஃப்பிஜி என்ற நொதியை. ஈ. கோலை பாக்டீரியா தன் டிஎன்ஏவைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் புரதம் இது, எடை சுமார் 30 கிலோடால்டன். கெட்டுப்போன குவானினைத் தேடிப் பிடித்துக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இழையின் முதுகெலும்பையும் இரு பக்கமும் வெட்டிவிடும். உயிருள்ள செல்லில் அந்த இடைவெளியை வேறு நொதிகள் வந்து அடைக்கும். ஆய்வகக் கண்ணாடித் தகட்டில் அடைக்க ஆளில்லை, வெட்டு அப்படியே நிற்கும். வெட்டை எண்ணினால் காயத்தை எண்ணியதாகிறது.

எண்ணும் முறைக்கு வால்மீன் சோதனை என்று பெயர். செல்களை அகரோஸ் களியில் பதித்து, உப்புக் கரைசலில் செல்லின் உறையை உரித்து, காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அறுந்த டிஎன்ஏ வால்போல வெளியே இழுபடும். கார முறையை 1988-இல் நரேந்திர சிங் குழுவினர் வெளியிட்டார்கள். பிறகுதான் நொதியைச் சேர்க்கும் வழி வந்தது.

முதல் தடுமாற்றம் உப்பில். மனித ரத்தத்துக்கான பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) மட்டியின் ரத்தச் செல்களை எடுத்தேன், எல்லாம் வெடித்துவிட்டன. மட்டியின் உடல்நீர் கடல்நீரின் உப்போடு ஒத்தது, நம் ரத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு அருகில். பஃபரில் உப்பைக் கூட்டிய பிறகே முழுச் செல்லைப் பார்த்தேன். கடற்கரையில் பிறந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்தது நொதி வந்த விதம். சென்னையிலிருந்து கூரியரில் தெர்மோகோல் பெட்டியில் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்கு வந்த பெட்டி திங்கட்கிழமைதான் என் கைக்குக் கிடைத்தது. உள்ளே குளிர்ப்பைகள் வெதுவெதுப்பாக இருந்தன. ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய பொருள், தூக்கிப்போட மனம் வரவில்லை. குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்தினேன். நொதி போட்ட தகடும் போடாத தகடும் ஒரே மாதிரி இருந்தன. "ஆக்சிஜனேற்றக் காயம் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வழிகாட்டி மேடம் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நொதி உயிரோட இருக்கான்னு பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. பார்க்கும் வழி பொட்டாசியம் புரோமேட். அது செல்லில் இழையை அதிகம் அறுக்காமல் 8-ஆக்சோகுவானினை நிறைய உண்டாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு இதற்கு உதவாது, அது நேரடியாகவே இழையை அறுத்துவிடும், நொதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வால் தெரியும். புரோமேட்டில் ஊறவைத்த செல்களிலும் என் நொதி எதையும் வெட்டவில்லை. இரண்டு மாத வேலை அதோடு போயிற்று.

இரண்டாவது முறை நானே சென்னை போய் எடுத்து வருவதென்று முடிவு செய்தேன். மைனஸ் 20 டிகிரியை ரயிலில் எப்படிக் காப்பது? உலர் பனிக்கட்டிக்கு என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. இராமேஸ்வரத்தில் பானையோடு குல்பி விற்கும் ஐயாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, "ஐஸ் மட்டும் போட்டா நிக்காது தாயி, கல்லுப்பு போடணும், மூணு பங்குக்கு ஒரு பங்கு" என்றார். உப்பு கலந்த பனிக்கட்டி சரியான விகிதத்தில் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும் என்பது பாடத்தில் படித்ததுதான். அவர் சொன்னதும்தான் அது கைக்கு வந்தது. வீட்டில் மீன் பெட்டியில் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் போட்டு, வெப்பமானியைச் செருகி, இரவு முழுக்க விழித்துப் பார்த்தேன். தண்ணீரை வடித்துப் புது ஐஸும் உப்பும் சேர்த்துக்கொண்டே இருந்தால் தாங்குகிறது. நொதி பாதிக்குப் பாதி கிளிசரால் கலவையில் வருவதால் அந்தக் குளிரிலும் உறையாது. மடியில் பெட்டியோடு ராமநாதபுரத்தில் விடியலில் இறங்கினேன். நேரே ஆய்வகம் போய்ச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தேன்.

புரோமேட் தகட்டில் இந்த முறையும் வால் மெலிந்துதான் இருந்தது. காரணம் என் அவசரம். உரிக்கும் கரைசலில் 2.5 மோலார் உப்பு, பிஎச் 10. அது தகட்டில் மிச்சமிருந்தால் நொதியால் டிஎன்ஏவைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு முறை முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். நொதிக்கான பஃபரில் ஐந்தைந்து நிமிடம் மூன்று முறை கழுவினேன். ஈரத்தாள் விரித்த டிபன் பாக்ஸில் 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தேன். நுண்ணோக்கியில் கண் வைத்ததும் வால்கள், நீள நீளமாக. மேடத்தைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

இதைச் செய்யப்போகும் தம்பி தங்கைகள் ஒரு தகட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்: நொதி இல்லாமல் பஃபர் மட்டும் போட்டு அதே அரைமணி, அதே 37 டிகிரியில் வைத்த தகடு. அந்தச் சூட்டிலேயே சில அறுபடல்கள் வரும். வால் அளவுக்கு நொதித் தகட்டில் போட்ட மதிப்பெண்ணிலிருந்து இதன் மதிப்பெண்ணைக் கழித்தால்தான் நொதியின் வேலை தெரியும். நான் முதலில் இந்த அரைமணிச் சூட்டில் வைக்காமல், உரித்ததோடு விட்ட தகட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், அது தப்பு. நொதியின் அளவையும் படிப்படியாகக் குறைத்தும் கூட்டியும் பாருங்கள். அளவைக் கூட்டியும் வால் கூடாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மிஞ்சினால் நல்ல இழையையும் வெட்டும்.

இன்னொன்று, எஃப்பிஜி 8-ஆக்சோகுவானினை மட்டும் வெட்டுவதில்லை. வளையம் திறந்துபோன பியூரின்களையும் (குவானின், அடினின் வகைக் காரங்கள்) வெட்டும், சில வேதிப்பொருள்கள் அல்கைல் தொகுதியை ஒட்டவைத்த காயத்தால் உண்டானவை உட்பட. அதனால் என் அறிக்கையில் "எஃப்பிஜி உணரும் இடங்கள்" என்றே எழுதுகிறேன். மனித செல்லில் 8-ஆக்சோகுவானினைக் கழற்றும் ஓஜிஜி1 நொதி இன்னும் குறுகிய தேர்வு உடையது, அடுத்து அதையும் வைத்துப் பார்க்க ஆசை.

வெயில் நாள் மட்டிகளும் மேகமூட்ட நாள் மட்டிகளும் இப்போது தகட்டில் ஏறிவிட்டன. எது எதுவென்று எனக்குத் தெரியாதபடி இளைய மாணவி ஒருத்தி எண் போட்டுத் தந்திருக்கிறாள். தகட்டுக்கு 100 செல்கள், ஒவ்வொன்றுக்கும் வாலின் அளவைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண். அம்மா தினமும் போனில், "என்னத்தா, மட்டிக்குச் சுடுதாமா?" என்று கேட்கிறார். இன்னும் 24 தகடுகள் பாக்கி.