பின்பக்கமாக ஏறிய கார்

நாலாவது தடவையும் கார் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. முன்சில்லுகள் அதே இடத்தில் சுழன்று ஸ்னோவைக் கண்ணாடியாக்கிக்கொண்டிருந்தன.

இன்று காலை, கனடாவின் ஸ்காபரோவில், வீட்டு டிரைவ்வேயில்.

பக்கத்து வீட்டு ஐயா ஸ்னோ அள்ளும் சவலை ஊன்றியபடி பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, காரைத் திருப்பும். றிவேர்ஸிலை ஏத்தும்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் திருப்பினேன்.

உறுமலே இல்லாமல் ஏறிவிட்டது!

முன்சில்லு இழுக்கிற காரில் எஞ்சின் பாரமும் முன்னுக்குத்தான். சமதரையில் அது வரம். மூக்கை மேலே வைத்து ஏறினால் பாரம் பின்னுக்குச் சாய்ந்து, இழுக்கிற சில்லு லேசாகிவிடும். பின்பக்கமாக ஏறும்போது அந்தப் பாரம் திரும்பவும் அதே சில்லுகளில் வந்து குந்துகிறது.

(என்னிலும் பிழை. குளிர்கால டயர் நாலும் இன்னும் பேஸ்மென்டில். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். எங்கள் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்ற சோம்பல்.)

இழுப்பதும் திருப்புவதும் ஒரே சில்லுகள். வளைவில் கார் நேரே வழுக்கும்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கிறோம், ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்கிறோம். காலை எடுத்தால்தான் பிடி வரும். இத்தனை வருடம் ஓட்டியும் என் கால் முதலில் மிதிக்கத்தான் போகிறது.

"எங்கை ஐயா பழகினீங்கள்?"

"வந்த முதல் வின்ரர். பீட்சா குடுக்கப் போய்."